நாற்பத்து மூன்று 'ம்'

பவ்யம் தன் வாழ்நாளில் யாரிடமும் எதற்கும் வாய்விட்டுச் சம்மதம் சொன்னவன் இல்லை. 'ம்' கொட்டுவான், அவ்வளவுதான். எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுநடுவே ஒரு 'ம்' போடாமல் இருப்பது, வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுவதற்குச் சமம் என்று நினைக்கிற வளர்ப்பு அவனுடையது. அந்த 'ம்'முக்குத்தான் இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள்.

பவ்யம் என்பது அவன் பெயரல்ல. அவனோடு அறையில் தங்கியிருக்கும் ஓட்டுநர் அண்ணன் வைத்தது. பேருந்தின் தானியங்கிக் கதவு திறந்தால்கூட அதற்கு நன்றி சொல்லிவிட்டு ஏறுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பார் அவர்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. ஆறு மாடிகளின் படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டிகளில் வந்து இறங்கும். பிரித்து, துவைக்கப் போட்டு, சூடான உருளைக்குள் ஓரம் கோணாமல் கொடுத்து, மறுபக்கம் வாங்கி மடிக்க வேண்டும். அந்த ஊருக்கு வந்து ஏழு மாதத்தில் அந்த அண்ணனைத் தவிர வலிய வந்து அவனிடம் யாரும் தமிழில் பேசியதில்லை. அப்படியிருக்க, ஒரு மதிய இடைவேளையில் போன் அடித்தது. எடுத்தால் ஒரு பெண் குரல், "சாப்பிட்டீங்களா?" என்றது.

பாதி ஆள் அங்கேயே விழுந்துவிட்டான்.

'தோழன்' என்ற தொலைபேசி நிறுவனத்தின் தாய்மொழிச் சேவைப் பிரிவிலிருந்து அந்தக் குரல் பேசியது. தேன் ஒழுகப் பதினோரு நிமிடம் பேசியது.

"நாளெல்லாம் நின்னுக்கிட்டே வேலை பார்த்தா கால் என்னத்துக்கு ஆகும் சொல்லுங்க."

"ம்."

"வீட்டு ஞாபகம் வந்தா சோறு இறங்காது."

"ம்."

"அதான் உங்க பழைய நம்பரை நாங்க எடுத்துக்கிட்டு, ரெண்டு வருஷத்துக்குப் புதுசா ஒண்ணு தர்றோம்னு வைங்க."

"ம்."

"தூக்கமாவது ஒழுங்கா வருதா?"

"ம்."

மறுநாள் தபால் பெட்டியில் ஒரு தடித்த உறை. உள்ளே புது சிம்மும் ஒரு கடிதமும். 'தாங்கள் நாற்பத்து மூன்று முறை உளமார அளித்த சம்மதத்துக்கு நன்றி. தங்களின் பழைய எண் இன்றுமுதல் எங்கள் பாதுகாப்பில் உள்ளது' என்று எழுதியிருந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு என்று எழுதவில்லை. பவ்யம் போனை எடுத்துப் பார்த்தான். பழைய எண் செத்துக் கிடந்தது.

அந்த எண்ணை அவனால் இழக்க முடியாது. காரணம் இருந்தது. கல்யாணமாகி எட்டு மாதம் ஆகப்போகிறது. அதில் மனைவியோடு இருந்தது பத்தொன்பது நாள். அவளை இங்கே அழைத்துக்கொள்ளக் குடும்ப இணைவு அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தான். மனு ஏறிவிட்டது, இந்த மாதத்துக்குள் நேர்காணல் தேதி சொல்லப் போன் வரும் என்று எழுதியிருந்தார்கள். மூன்று தடவை அழைப்பார்கள். மூன்றும் எடுக்கப்படாவிட்டால் கோப்பு அடுக்கின் அடிக்குப் போகும். அடியிலிருந்து மேலே வர மூன்று வருடம். அழைப்பு வரப்போவது அந்தப் பழைய எண்ணுக்கு.

விடுப்புப் போட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஓடினான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தர் அம்மா நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"நம்பர் மாத்தணுமா? தாராளமா மாத்தலாம். மாத்தச் சொன்னது நீங்கதானான்னு பழைய நம்பருக்குப் போன் பண்ணி உறுதிப்படுத்துவோம்."

"அந்த நம்பர்தாம்மா வேலை செய்யல."

"அப்ப நீங்க உறுதிப்படுத்தலைன்னு ஆகும்."

"நான்தான் நேர்லயே நிக்கறேனே."

"நேர்ல யார் வேணா நிக்கலாம் தம்பி," என்றார் அவர், அதில் தப்பே இல்லை என்கிற குரலில்.

தோழன் அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ஒரு வழி இருந்தது. பதினான்கு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். விலகினால் பழைய எண் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும். தவறினால் இரண்டு வருடம் முடிந்த பிறகுதான் வெளியே வரும். அன்றைக்கு இரண்டாம் நாள். பவ்யம் மூச்சு விட்டான். பன்னிரண்டு நாள் இருக்கிறதே.

மூன்றாம் நாள் அழைத்தான். நாற்பது நிமிடம் புல்லாங்குழல் வாசித்தார்கள். பிறகு தக்கவைப்பு அதிகாரி வந்தார். விலக நினைப்பவர்களைத் தக்கவைப்பதற்கென்றே உள்ள பிரிவு அது.

"விலகணும்னு சொல்றீங்க. நல்ல முடிவு. யோசிச்சு எடுத்திருப்பீங்க."

"ம்."

"எங்க அப்பாவும் இப்படித்தான் சார். எதையும் பத்து தடவை யோசிப்பாரு. அவருக்கு இப்ப முழங்கால் வலி."

"ம்."

"வலியிலயும் குடும்பத்தை விட்டதில்ல. உங்களுக்கும் குடும்பம் இருக்கும். சம்சாரத்தையும் இதுல சேர்த்துட்டா அவங்களுக்கும் எல்லா உரிமையும் வந்துடும்."

"ம்."

அவர் அப்பாவின் கண் புரை, தங்கையின் படிப்பு, மேல்வீட்டுக்காரரின் நாய் என்று சுற்றிவிட்டு, "உங்க விருப்பம்போலவே செஞ்சுட்டேன்" என்று வாழ்த்திப் போனை வைத்தார். மறுநாள் இன்னொரு உறை. முப்பத்தோரு சம்மதங்கள். குடும்பத் திட்டம். மனைவி முழு உரிமையுள்ள இணை வாடிக்கையாளர். கூடவே மூன்று சிம். இன்னும் பிறக்காத குழந்தைக்கும் ஒன்று ஒதுக்கியிருப்பதாகவும், பெயர் வைத்ததும் தெரிவிக்கும்படியும் கேட்டிருந்தார்கள்.

ஆறாம் நாள் தோழனின் கிளைக்கு நேரில் போனான். வாசலில் நான்கு கதவுகள். நான்கிலும் 'சேர' என்று எழுதியிருந்தது. உள்ளே மெத்தென்ற நாற்காலி, குடிக்க வெந்நீர், கழுத்துப் பட்டையில் பெயர் தொங்கும் இளைஞர்கள். விலக வந்திருப்பதாகச் சொன்னதும் எல்லோரும் அவனை ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கிளை மேலாளர் தன் அறைக்கு அழைத்துக்கொண்டு போய்த் தோளில் கை வைத்தார்.

"சேர்றதுக்குத்தான் கடை. விலகறதுக்குப் போன். அதையும் இதையும் ஒரே இடத்துல வச்சா சேர வர்றவங்க மனசு கஷ்டப்படாதா?"

"நான் சம்மதமே சொல்லல சார். சும்மா 'ம்' கொட்டினேன். கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்."

மேலாளரின் முகம் மலர்ந்தது. தன் பிள்ளையைப் பற்றி யாரோ விசாரித்த மாதிரி. "எங்க ஆராய்ச்சிக் குழு ஒரு வருஷம் உங்க ஆளுங்க பேச்சைக் கேட்டுச்சு. நீங்க யாரும் 'நான் ஒத்துக்கறேன்'னு வாயைத் திறந்து சொல்றதே இல்ல. இவங்ககிட்ட எப்படிடா வியாபாரம் பண்றதுன்னு குழம்பிப் போயிருந்தோம். அப்பத்தான் ஒருத்தர் கவனிச்சாரு, இந்த 'ம்'. அடேங்கப்பா, நிமிஷத்துக்கு நாலு. உங்க பண்பாட்டை மதிச்சு, அதையே நாங்க சம்மதமா ஏத்துக்கிட்டோம். வேற எந்தக் கம்பெனி உங்களை இவ்வளவு மதிக்குது?"

கணினியைத் திருப்பி ஒரு பொத்தானை அமுக்கினார். பவ்யத்தின் குரல் கேட்டது. ம். ம். ம். ம். நாற்பத்து மூன்றும் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஒரு வார்த்தை இல்லாமல்.

"அந்தம்மா பேசினதெல்லாம் எங்க சார்?"

"அது எங்க சொத்து. 'ம்' உங்க சொத்து. உங்களோடதை மட்டும்தானே உங்களுக்குக் காட்ட முடியும்?" மேலாளர் கண்ணை மூடி ரசித்தார். "பதினேழாவதைக் கேளுங்க. என்ன ஒரு ஆர்வம். எங்க பயிற்சி வகுப்புல இதைத்தான் போட்டுக் காட்டறோம்."

"இதை யாரும்மா, யாரு சார் எண்றது?" பவ்யத்துக்கு நாக்குக் குழறியது.

"மெஷின். அழைப்புல விழற எல்லா 'ம்'மையும் எண்ணி, முன்னாடி என்ன பேசினாங்களோ அதோட ஒட்டிடும். மனுஷன் கை படறதே இல்ல, அதனால ஊழலுக்கு இடமில்ல. இன்னொண்ணு சொல்றேன். தோழன் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு ஒப்பந்தம்கூட ரத்தானதில்ல. கை மாறியிருக்கும், செத்ததில்ல."

அன்று மாலை ஓட்டுநர் அண்ணன் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு, "ரொம்ப சுலபம். வாயை மூடிக்கிட்டுக் கேக்கப் பழகு. இப்பவே ஆரம்பிப்போம்" என்றார். போன வாரம் வண்டி நடுப்பாலத்தில் நின்றுபோன கதையைச் சொல்லத் தொடங்கினார்.

"பின்னாடி ஒரே ஹாரன் சத்தம்."

"ம்."

"டேய்."

"மன்னிச்சுடுங்கண்ணே. சொல்லுங்க."

"இறங்கிப் பார்த்தா டயர்ல ஆணி."

"ம்."

வாயில் துண்டைத் திணித்தார்கள். மூக்கால் வந்தது. சலவைக்கூடத்திலிருந்து ஒரு கிளிப் கொண்டுவந்து மூக்கில் மாட்டினார்கள். தொண்டைக்குள்ளேயே, கிணற்றுக்குள் கல் விழுந்த மாதிரி, ஒரு 'ம்' கேட்டது.

"உன்னைப் புதைச்சாலும் மண்ணுக்குள்ளேருந்து கொட்டுவேடா," என்றார் அண்ணன். ஆனாலும் விடவில்லை. மூன்று நாள் தினமும் கதை சொன்னார். பவ்யம் பல்லைக் கடித்து, தொடையைக் கிள்ளி, கண்ணில் நீர் வர அடக்கிப் பழகினான்.

பத்தாம் நாள் மறுபடி அழைத்தான். அதே அதிகாரி. பேசினார். பவ்யம் கல்லாக உட்கார்ந்திருந்தான். இருபது விநாடி ஆனதும், "வாடிக்கையாளர் இணைப்பில் இல்லை. நன்றி" என்று ஒரு பதிவுக் குரல் வெட்டிவிட்டது. மீண்டும் நாற்பது நிமிடப் புல்லாங்குழல். இந்தத் தடவை இருபது விநாடிக்கு ஒருமுறை "ரத்து" என்று மட்டும் சொல்வதென்று முடிவெடுத்திருந்தான்.

"நேத்து இங்க ஒரே மழை சார்."

"ரத்து."

"உங்க உறுதியைப் பாராட்டறேன். வேலைக்கு வந்த புதுசுல நானும் இப்படித்தான் இருந்தேன்."

"ரத்து."

பதினெட்டு முறை சொன்னான். பத்தொன்பதாவதாக அதிகாரி தோற்றுப்போன குரலில், "சரி சார். ரத்து பண்ணிடறேன். போதுமா?" என்றார்.

பவ்யத்துக்கு மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

"ம்," என்றான்.

"ரத்து போதும்னு சொல்லிட்டீங்க. அப்ப தொடர்றோம்," என்றார் அதிகாரி. பதினோராம் நாள் வந்த உறையில் ஒப்பந்தம் மூன்று வருடமாகியிருந்தது.

இவ்வளவு நடந்தும் பவ்யம் மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அறையின் இணையத்தில்தான் இருவரும் பேசிக்கொள்வது என்பதால் பழைய எண் செத்தது அவளுக்குத் தெரியாது. அவள் ஊரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். நாளெல்லாம் அடுத்தவர் படிவங்களை நகலெடுத்து, எங்கே கையெழுத்து விட்டுப்போயிற்று என்று சொல்கிற வேலை. மாலையில் கடையில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள். பதின்மூன்றாம் நாளும் சொன்னாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஏங்க. இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நாலு நாளா பாக்கறேன். ஒரு 'ம்' இல்ல. சுவத்தைப் பார்த்துப் பேசற மாதிரி இருக்கு. என் பேச்சு அலுத்துப் போச்சுன்னா நேரடியா சொல்லிடுங்க, நான் கடையில அந்த ஜெராக்ஸ் மெஷின்கிட்ட பேசிக்கறேன். அதாவது அப்பப்ப ஒரு சத்தம் போடும்."

பவ்யம் உடைந்துபோனான். எல்லாவற்றையும் சொன்னான். முதல் மதியத்திலிருந்து மூன்று வருடம் வரை. இடையிடையே மூக்கை உறிஞ்சினான். அவள் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"யார் 'ம்' சொன்னாலும் அந்த மெஷின் எண்ணுமா?"

"எண்ணும்னுதான் மேலாளர் சொன்னாரு."

"பதினோரு நாளா இதை வயித்துக்குள்ள வச்சிருந்தீங்களா? அந்த அலுவலகத்துலேருந்து போன் வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நான் இங்க மூணு வருஷம் யாரு தலையை நகலெடுக்கறது?" அவள் எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "சரி. நாளைக்கு நான் பேசறேன். என்னைத்தான் முழு உரிமையோட சேர்த்துவிட்டிருக்கீங்களே. நீங்களும் இணைப்புல இருங்க. ஆனா வாயில எதையாவது அடைச்சுக்கங்க."

பதினான்காம் நாள். மதிய இடைவேளை. சலவைக்கூடத்தின் பின்பக்கம், அழுக்கு விரிப்புகளின் வண்டிகளுக்கு நடுவே பவ்யம் வாயில் ஒரு தலையணை உறையைத் திணித்துக்கொண்டு போனைக் காதில் வைத்திருந்தான். புல்லாங்குழல் முடிந்து அதே அதிகாரி வந்தார்.

"வணக்கம் சார்," என்றாள் மனைவி. "நான் விலக வரல. மனசு சரியில்ல, யார்கிட்டயாவது பேசணும் போல இருக்கு. நீங்க நல்லா கேப்பீங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

அதிகாரியிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை போலும். "சொல்லுங்க மேடம். அதுக்குத்தானே இருக்கோம்," என்றார்.

"எங்க சித்தியைப் பத்தி. சித்தப்பா தினமும் காலைல எட்டரைக்கு ஆபீஸ் போறேன்னு கிளம்புவாரு. சட்டை மடிப்புக் கலையாது."

"ம்."

"ஒரு நாள் அவர் ஆபீஸ்லேருந்து சித்திக்குப் போன். ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வேலையை விட்டு ஆறு மாசமாச்சே, சாவியைத் திருப்பித் தரலையேன்னு."

"ம்…"

"சித்தி ஒண்ணும் பேசல. மறுநாள் அவர் கிளம்பினதும் பின்னாடியே கிளம்பிட்டா."

"ம்."

"அவர் பஸ் ஏறினாரு. இவ அடுத்த பஸ். நாலாவது நிறுத்தத்துல இறங்கி, ஒரு சந்துக்குள்ள போனாரு. மூணு மாடிக் கட்டடம். கீழே ஒரு பூட்டின கடை."

"ம்."

"சித்தி படி ஏறும்போது நினைச்சுக்கிட்டே ஏறறா. இந்த ஒப்பந்தத்தை முழுசா நீங்க உங்க பேருக்கு மாத்திக்கிட்டா எவ்வளவு நல்லாயிருக்கும்னு."

"ம்."

"மூணாவது மாடி. கதவு சாத்தியிருக்கு. காதை வச்சுக் கேக்கறா. உள்ள ஒரு பொம்பளை சிரிக்கற சத்தம்."

"ம்… அப்புறம்?"

"அந்த மூணு வருஷத்தையும் நீங்களே ஏத்துக்கிட்டு, எங்க பழைய நம்பரை இன்னிக்கே விட்டுடறீங்கன்னு வைங்க."

"ம். ம்."

"அதுக்குள்ள கதவுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம். கிட்ட வருது. தாழ்ப்பாள் அசையுது."

"ம்…"

"அவ்வளவுதான் சார். வச்சிடறேன்."

தலையணை உறை பாதி தொண்டைக்குள் போயிருந்த பவ்யம், தனக்கே அந்தக் கதவு திறக்க வேண்டும் போலிருப்பதை உணர்ந்தான்.

"மேடம்," என்றார் அதிகாரி. குரலில் தேன் வற்றியிருந்தது. "அது சம்மதமில்ல மேடம். நான் சும்மா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"இதைத்தான் சார் எங்க வீட்டுக்காரரும் பதினாலு நாளா சொல்றாரு."

"நான் இங்க வேலை செய்யறவன். என் பேர்ல எப்படி வரும்? இங்கேருந்து யாராலயும் ரத்து பண்ண முடியாது மேடம், எனக்குத் தெரியும்." கொஞ்சம் தயங்கினார். "சரி, அதை விடுங்க. கதவைத் திறந்தது யாரு?"

"நாளைக்கு உங்களுக்கு ஒரு உறை வரும். அதைப் பிரிச்சு முடிச்சுட்டுக் கூப்பிடுங்க, சொல்றேன்."

மெஷின் ஆள் பார்க்கவில்லை. ஒன்பது சம்மதங்கள், ஒப்பந்தம் கை மாறியது, நன்றி என்று மூன்றாவது நிமிடத்தில் குறுஞ்செய்தி வந்தது. இரண்டே முக்காலுக்குப் பவ்யம் உருளையில் விரிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பைக்குள் போன் ஒரு சின்ன அதிர்வு காட்டியது. பழைய எண் உயிரோடு வந்திருந்தது. அவனுக்கு அழக்கூட நேரமில்லை. விரிப்பு ஓரம் கோணிக்கொண்டு போனது.

நான்கு மணிக்கு அது அடித்தது.

"குடும்ப இணைவு அலுவலகம்," என்றது ஒரு வறண்ட குரல். "ஐந்தாம் தேதி ஒரு தடவை, ஒன்பதாம் தேதி ஒரு தடவை அழைத்தோம். இது மூன்றாவது, கடைசி. மனு விவரங்களைப் படிக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டும்."

படிக்கத் தொடங்கியது. அவன் பெயர், அவள் பெயர், கல்யாணத் தேதி. பவ்யம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு விறைத்து நின்றான். எட்டு நாளாகப் பழகிய தொண்டை தானாகவே பூட்டிக்கொண்டது. இதற்குள்ளும் யாராவது எதையாவது நுழைப்பார்கள், ஒரு சத்தம் போட்டால் போச்சு என்று உடம்பு முழுக்க எச்சரித்தது. குரல் நின்று காத்திருந்தது.

"விவரங்கள் சரிதானா?"

உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பதில் இல்லையென்றால் கோப்பை மூட வேண்டியிருக்கும். சரிதானா?"

"ம்," என்றான் பவ்யம். எட்டு நாளாக அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்த ஒன்று அது.

"அது எங்கள் கோப்பில் ஏறாது. ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று."

பவ்யம் சலவைக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். மடித்த விரிப்புகள் இடுப்புயரத்துக்கு நின்றன. வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"ஆமா," என்றான். கூடம் முழுக்கக் கேட்டது. மடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஆமாங்க. ஆமா. எல்லாம் ஆமா."

"ஒரு தடவை போதும்," என்றது குரல். தேதியைச் சொன்னது. அடுத்த மாதம் பன்னிரண்டு, காலை பத்தரை. பவ்யம் அதைத் துவைத்த தலையணை உறை ஒன்றின் மேல் பேனாவால் எழுதிக்கொண்டான். பிறகு அதை யாருக்கும் தெரியாமல் மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

மனைவியை அழைத்தபோது கடையில் ஆள் கூட்டம். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவள் எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"நம்பர் வந்துச்சா? அந்தாளு மறுபடி ஏதாவது பண்ணினானா? எனக்கு மத்தியானத்துலேருந்து கை ஓடல. ஒருத்தர் ஆதார் கார்டை இன்னொருத்தருக்குக் கொடுத்து அனுப்பிட்டேன், அவர் பாதி வழி போய்த் திரும்பி வந்து சண்டை போடறாரு. நீங்க ஏன் பேசாம இருக்கீங்க, ஏதாவது ஆச்சா?"

"போன் வந்துடுச்சு," என்றான் பவ்யம். "அடுத்த மாசம் பன்னெண்டு. காலைல பத்தரை. உன்னையும் அங்க இருந்தபடியே கேப்பாங்களாம்."

அந்தப் பக்கம் மெஷின் ஒரு தாளைத் துப்பியது. இன்னொன்று. யாரோ, "ஏம்மா, என் பேப்பர் என்னாச்சு?" என்று கேட்டார்கள்.

"கேக்குதா?" என்றான்.

எதற்கும் பத்து வார்த்தைக்குக் குறையாமல் பேசுகிறவள், மூக்கை ஒருமுறை உறிஞ்சிவிட்டு, "ம்," என்றாள்.